தள்ளிக்கோ, நான் பாக்குறேன்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வர மாட்டார்கள். ஆனால் "கம்ப்யூட்டர் என்னமோ பண்ணுதே" என்று நீங்கள் உங்களுக்குள்ளேயே முணுமுணுத்தால் போதும், மூன்றாவது மாடியில் இருந்தாலும் இறங்கி வந்துவிடுவார்கள். உங்கள் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டித் திரையைப் பார்ப்பார்கள். 'ச்சு' என்று ஒரு தடவை உச்சுக் கொட்டுவார்கள். பிறகு, "தள்ளிக்கோ, நான் பாக்குறேன்." நீங்களும் எழுந்துவிடுவீர்கள். அந்த நாற்காலி அன்று உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது.

இவர்களைத் திரைவைத்தியர்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் படித்தவர்களா என்று கேட்காதீர்கள். படித்தவர்கள் "பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது" என்பார்கள். நம்மவர் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். பார்த்த பிறகும் அதையேதான் சொல்லுவார்.

வைத்தியத்துக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் நாற்காலியின் உயரத்தை மாற்றுவார். அடுத்து, "யாரு இதுல கை வெச்சது?" என்று கேட்பார். அந்தக் கம்ப்யூட்டரில் பத்து வருஷமாகக் கை வைத்துச் சம்பளம் வாங்குகிறவர், எதையோ திருடியவர் போலத் தலையைக் குனிந்துகொள்வார். அதன் பிறகு ரிஃப்ரெஷ். வெறும் திரையில் மவுஸின் வலது பக்கத்தை அமுக்கி, ரிஃப்ரெஷ், ரிஃப்ரெஷ், ரிஃப்ரெஷ் என்று பதினைந்து தடவை. ஏன், எதற்கு, அதனால் இதுவரை உலகத்தில் ஏதாவது சரியாகியிருக்கிறதா? யாரும் கேட்டதில்லை. சாப்பிடுவதற்கு முன் கை கழுவுவது போல அது ஒரு பழக்கம். கடைசியாக, காரணம். எங்கேயாவது வேறு ஊரில் என்றால் கரண்ட்டைக் குறை சொல்லுவார்கள். நம் வடசென்னை வைத்தியருக்குக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. காசிமேட்டுப் பக்கமிருந்து உப்புக் காற்று, எண்ணூர்ப் பக்கமிருந்து நிலக்கரித் தூசி, வாசலில் டிரெய்லர் போகும் அதிர்வு. மூன்றும் இலவசமாக வருகின்றன. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்.

பொதுவாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு ஆளையே காட்டிவிடுகிறேன்.

ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கிற சாலையோரம், உசேன் பாய் ஒரு ஆபீஸ் வைத்திருக்கிறார். கப்பலேறும் சரக்குக்குக் காகித வேலை பார்க்கிற இடம். உள்ளே ஏசி போட்ட சின்ன அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், இரண்டையும் கட்டி மேய்க்கிற ஜெரினா. வெளியே டிரைவர்கள் காத்திருக்கிற கூடம். அதன் சுவரில் ஒரு டிவி. ஜெரினா உள்ளே திறப்பதெல்லாம் அந்த டிவியிலும் அப்படியே தெரியும்படி சுவரைத் துளைத்து வயர் இழுத்திருக்கிறார்கள். எந்த வண்டிக்குக் காகிதம் தயார் என்பதை டிரைவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துக்கொள்வார்கள். அதனால் ஒருத்தரும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்க் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். ஏசிக்குச் செருப்புத் தூசி ஆகாது.

அன்று வரதனுக்குத் துறைமுகத்துக்குள் போக ஒரு சீட்டு வேண்டியிருந்தது. வரதன் டிரெய்லர் ஓட்டுகிறவர், வியாசர்பாடிக்காரர். வண்டியில் ஒரு கன்டெய்னர் நிறைய உறைய வைத்த இறால். அந்தக் கப்பலுக்குரிய சரக்கைத் துறைமுக வாசலில் மாலை நான்கு மணி வரைதான் உள்ளே விடுவார்கள். ஒன்றரை நாள் வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து, வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் நிற்கிற வண்டிக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சீட்டு வாங்க நடந்தே வந்திருந்தார். சீட்டு இல்லாமல் வாசலைத் தொட்டால் வண்டியை வரிசையிலிருந்து உருவி, திருவொற்றியூரில் இருக்கிற வாலுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கிருந்து மறுபடி ஊர்ந்து வருவதற்குள் கப்பல் போய்விடும். அடுத்த கப்பல் ஒன்பது நாள் கழித்து.

சீட்டு மெயிலில் வந்துவிட்டது. ஜெரினா அதைத் திறக்க வேண்டும், பிரின்ட் எடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஆனால் காலையில் எழிலன் வந்துவிட்டுப் போயிருந்தார்.

எழிலன் பக்கத்து எடைமேடையில் சூப்பர்வைசர். லாரியோடு சேர்த்து அதில் உட்கார்ந்திருக்கிற ஆள் எத்தனை கிலோ என்று கண்ணாலேயே சொல்லுவார். அந்த வித்தையில் குறை சொல்ல முடியாது. பத்து மணிக்கு டீ குடிக்க வந்தவர், கம்ப்யூட்டர் மூலையில் 'புதிய பதிப்பு தயார்' என்று ஒரு கட்டம் நிற்பதைப் பார்த்தார். ஏழு மாதமாக ஜெரினா அதற்கு 'பிறகு', 'பிறகு' என்று பதில் சொல்லிச் சமாளித்து வந்தார். "இத்தினி நாளா இதப் போடாமயா கீற? போட்டா சும்மா பறக்கும்" என்றார் எழிலன். வேலை இருக்கிறது, வேண்டாமண்ணா என்று ஜெரினா சொல்லி முடிப்பதற்குள் அமுக்கியும் விட்டார். பத்து நிமிஷம் ஆகும் என்றார். கம்ப்யூட்டர் முப்பத்தெட்டு சதவீதத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் யோசித்தது. பன்னிரண்டரைக்குத்தான் கண் திறந்தது.

திறந்த கண்ணில் ஏதோ கோளாறு. எழுத்தெல்லாம் இட்லித் தட்டு சைஸில் இருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜெரினா சீட்டைத் திறந்தால், கீழே பட்டையில் 'திறந்துவிட்டேன்' என்று அடையாளம் காட்டியது. திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. மறுபடி திறந்தார். இல்லை. இன்னொரு தடவை. "என்னமோ பண்ணுதே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

கதவு திறந்தது. எழிலன். தள்ளிக்கோ, நான் பாக்குறேன்.

நாற்காலி உயர்ந்தது. யார் கை வைத்தது என்ற விசாரணை நடந்தது. காலையில் கை வைத்தவரே நீதிபதியாக இருந்ததால் குற்றவாளி சீக்கிரம் கிடைக்கவில்லை. ரிஃப்ரெஷ் முடிந்தது. அணைத்து, ஏற்றி, அணைத்து, ஏற்றினார். பின்பக்கத்து வயரை உருவி, வாயால் ஊதி, திரும்பச் செருகினார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து தீர்ப்பைச் சொன்னார்.

"உப்பு. கடல் காத்து நேரா போர்டு மேல குந்திக்கினு கீது. இதே மிஷினு நுங்கம்பாக்கத்துல இருந்தா இந்தப் பேஜாரே கெடையாது."

காலை பத்து மணி வரை அந்த உப்பு எங்கே போயிருந்தது என்று ஜெரினா கேட்டார். எழிலன் அதைக் காதில் வாங்கவில்லை. சோழிங்கநல்லூரில் பெரிய கம்பெனியில் இருக்கிற தோஸ்துக்குப் போன் போட்டார். ஒவ்வொரு திரைவைத்தியருக்கும் சோழிங்கநல்லூரில் ஒரு தோஸ்து இருப்பார். அவர் எந்தக் காலத்திலும் போனை எடுத்தது கிடையாது. "மீட்டிங்ல கீறான்" என்றார் எழிலன், மீட்டிங்கில் தானும் இருப்பது போல. பிறகு மேசைக்கு அடியில் தன் செல்போனை வைத்துக்கொண்டு எதையோ தேடிப் படித்தார். இருமுவது போலக் குனிந்து படித்தார். படித்ததை நிமிர்ந்து தன் சொந்தச் சரக்காகச் சொன்னார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஜெரினா, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் மெயிலைத் திறந்து பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், ஐந்து நிமிஷம் என்றார். பாய் இல்லாத நேரத்தில் ஆபீஸ் பாஸ்வேர்டை வெளியே போய்ப் போட்டால் மொத்தக் கணக்கும் களவு போய்விடும், அப்புறம் யார் பதில் சொல்வது என்று எழிலன் மிரட்டினார். ஜெரினா உட்கார்ந்துவிட்டார். ஒன்றைக் கவனியுங்கள்: தன்னால் சரி செய்ய முடியாததை இவர்கள் மன்னித்துவிடுவார்கள், தன்னைத் தாண்டிப் போய்ச் சரியாவதை மட்டும் மன்னிக்க மாட்டார்கள்.

இரண்டே கால் மணிக்கு, படித்ததை வைத்து நான்கைந்து பொத்தான்களை ஒன்றாக அமுக்கினார். திரையில் இருந்த படம் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது.

"ண்ணா, படம் படுத்துக்கினு கீது" என்றார் ஜெரினா.

"படுக்கல. செட் ஆயினு கீது."

அரை மணி நேரம் செட் ஆன பிறகும் அது எழுந்திருக்கவில்லை. கழுத்து வலித்தபோது எழிலன் ஒரு முடிவுக்கு வந்தார். படம் நிமிராவிட்டால் என்ன, மானிட்டரைச் சாய்த்துவிட்டால் போகிறது. சாய்த்தார்கள். ஒரு பக்கம் கஸ்டம்ஸ் ஃபைல் மூன்று, மறுபக்கம் ஜெரினாவின் டிபன் டப்பா என்று முட்டுக் கொடுத்து, மானிட்டர் குப்புற விழாமல் நின்றதும், "பாத்தியா?" என்றார் எழிலன். உண்மையான பெருமையோடு சொன்னார். ஜெரினா பார்த்தார். சீட்டை ஆறாவது தடவையாகத் திறந்தார். ஒன்றும் இல்லை. மணி மூன்று.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் வருவோம். கூடத்தில் வரதன் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவியில் அவருடைய சீட்டு நின்றுகொண்டிருந்தது.

ஆமாம். நடந்தது அவ்வளவுதான். அதுவரை டிவியை ஜெரினா திரையின் நகலாக நினைத்திருந்த கம்ப்யூட்டர், புதிய பதிப்பு ஏறியதும் அதைத் தனக்குக் கிடைத்த இன்னொரு திரையாக நினைத்துக்கொண்டது. திறந்ததையெல்லாம் அங்கே கொண்டுபோய் வைத்தது. வரதனின் பேரும் வண்டி நம்பரும் அத்தனை பெரிய எழுத்தில் அதற்கு முன் எங்கும் வந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு டிரைவர் மஹீன், "இன்னா மாமு, ஒரே ஆள் பேரு மட்டும் ஓடுது. எலெக்ஷன்ல நிக்கிறியா?" என்று கேட்டுவிட்டார். வரதனுக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். சீட்டு தயார், அக்கா பிரின்ட் எடுத்துக்கொண்டிருக்கிறார், கூப்பிடுவார். நடுநடுவே டிவி அணைந்து எரியும். மறுபடி சீட்டு வரும். இதைப் போய் உள்ளே கேட்பதா? ஏசி அறை. செருப்பு. காத்திருந்தார்.

மூன்று இருபத்தைந்துக்கு வரதனுக்குப் போன் வந்தது. பின்வண்டிக்காரர். வரிசை நகர ஆரம்பித்துவிட்டது, அடுத்து உன் வண்டிதான், வருகிறாயா இல்லை நான் ஒதுங்கி முன்னால் போகட்டுமா என்றார். வரதன் எழுந்தார். செருப்போடு போய்க் கதவைத் திறந்தார்.

"கதவ சாத்துப்பா, ஏசி போவுது" என்றார் எழிலன், திரும்பிப் பார்க்காமல்.

"அக்கா, கோச்சிக்காத. சீட்டு டிவில மத்தியானத்துலேர்ந்து நிக்குது. கையிலதான் குடுக்க மாட்டேன்ற."

ஜெரினா நிமிர்ந்தார். "எந்த டிவில?"

"நம்ம டிவிலதான். ஒண்ணு மேல ஒண்ணு குந்திக்கினு கீது."

ஜெரினா கதவு வரை போய் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தார். எழிலனிடம் ஒரே ஒரு சொல்தான் சொன்னார். "நவுருண்ணா." அந்தக் குரலைக் கேட்டால் கப்பலே நகர்ந்திருக்கும். எழிலன் எழுந்தார்.

ஆனால் மவுஸ் அறைக்குள். அம்பு போக வேண்டிய இடம் சுவருக்கு அந்தப் பக்கம். இழுத்தால் அம்பு சாய்ந்து கிடக்கிற மானிட்டரின் ஓரத்தைத் தாண்டிக் காணாமல் போனது. எங்கே போகிறதென்று ஜெரினாவுக்குத் தெரியவில்லை. வரதனுக்குத் தெரிந்தது. கதவை முதுகால் தாங்கிக்கொண்டு, டிவியைப் பார்த்தபடி கையைத் தூக்கினார். இருபது வருஷமாக கன்டெய்னர் யார்டில் வண்டியைப் பின்னால் எடுக்கிறவர்களுக்குக் காட்டுகிற அதே கை.

"நீ ஓட்டுக்கா, நான் சொல்றேன். வரட்டும். வரட்டும். ரைட்ல வரட்டும்... அம்பு வந்துடுச்சு. மெதுவா. லெஃப்ட்ல ஒடி. இன்னும் ஒடி. மேல ஏத்து. ஏத்து. தாண்டிட்ட, கொஞ்சம் பின்னால வா... அதான். நில்லு."

லாரியின் பின்பக்கத்தைத் தட்டுவது போல மஹீன் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். ஜெரினா அமுக்கினார். பிரின்டர் ஒரு தடவை செருமிவிட்டு, காகிதத்தை வெளியே தள்ளியது.

வரதன் அது முழுசாக வருவதற்குள்ளேயே உருவிக்கொண்டு ஓடினார். மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஜெரினா போனுக்கு ஒரு படம் வந்தது. துறைமுக வாசலுக்கு உள்பக்கமிருந்து எடுத்தது; ஓரத்தில் வரதனின் கட்டைவிரல்.

சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டு உசேன் பாய் வந்தார். படுத்திருந்த மானிட்டரையும் அதைத் தாங்கிக்கொண்டிருந்த டிபன் டப்பாவையும் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். எழிலன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். "ஒண்ணுமில்ல பாய். சின்ன டிஸ்ப்ளே ப்ராப்ளம். டிவி பக்கம் திருப்பி வுட்டு முடிச்சுட்டோம்." அவர் பொய் சொன்னதாக நினைக்காதீர்கள். மனமாரத்தான் சொன்னார். எந்தப் பழுதும் என்றைக்காவது ஒரு நேரத்தில் தீர்ந்துதான் ஆக வேண்டும். அது தீருகிற நேரத்தில் பக்கத்தில் நிற்பதுதான் இவர்களுடைய முழுத் தொழில்நுட்பம். பாய் சந்தோஷப்பட்டு, தன் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, வெள்ளிக்கிழமை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். இனம் இப்படித்தான் பெருகுகிறது.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி. வரதன் சீட்டைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி ஓடினாரே, அப்போது நீங்களும் அவர் பின்னால் ஓடினீர்களா? அல்லது அந்த அறையிலேயே நின்றுவிட்டு, "விண்டோஸ் பொத்தானையும் பி-யையும் சேர்த்து அமுக்கி டிவியைப் பழையபடி நகலாக்கியிருந்தால் ரெண்டு நொடி வேலையாச்சே, இதுகூடத் தெரியாதா" என்று உதட்டைப் பிதுக்கினீர்களா? நான் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு ஆபீஸில் நீங்கள் நடந்து வரும்போது யாராவது அவசரம் அவசரமாகத் திரையை அணைத்தால், வேலை நேரத்தில் சினிமா பார்க்கிறார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். திரை லேசாக நடுங்கியிருக்கும். அது உங்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்றுதான்.