சீட்டம்மாவும் பதினேழாம் வயலும்

பித்தளைக் குடத்துக்குள் காய்ந்த ஓலைகள் உரசும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நான் வாசல் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். உத்திரமேரூர் வட்டாரத்தில் பேய்க்குப் பயப்படாதவர்கள் உண்டு. சீட்டம்மாவுக்குப் பயப்படாதவர் ஒருவரும் இல்லை.

எங்கள் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறையைத் தொடங்கியவர் அவர். துறை என்றால், கணக்குத் துறையினர் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறை, அவர், நான். இருவருக்கும் ஒரே வயது. தைரியம் மட்டும் மொத்தமாக அவர் பக்கம். மற்ற துறைகளில் நிறுவனர் படத்துக்கு மாலை தொங்கும். எங்கள் அறையில் குடத்துக்குப் பொட்டு.

"நான் இன்னா நிறுவனர் சார்? கோயில் கல்வெட்டுல போய்ப் பாருங்க. குடத்துல ஓலை போட்டு ஆள் எடுத்தான் பாருங்க, அவன்தான் நம்ம துறைக்கு மொத ஆளு."

எதற்கும் சீட்டுதான். யார் பாடம் எடுப்பது, யார் டீ வாங்கி வருவது, எல்லாம். துணைவேந்தர் வந்தபோது, எங்கே உட்காருவதென்று அவரையும் ஓலை எடுக்கவைத்தார். 'தரை' என்று வந்தது. மனிதர் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தார்.

அந்த வருடம் நெல் விளைச்சல் கணக்கெடுப்பு எங்களுக்குக் கிடைத்தது. அதில் தேறினால்தான் துறை நிலைக்கும். பதிவேட்டிலுள்ள வயல்களைச் சீட்டுப் போட்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சதுரம் அளந்து, அறுத்து, எடை போட வேண்டும். பதினேழாம் வயல் திருப்புலிவனத்துக்கு அப்பால். போகிற வழியில் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. சட்டையைக் கழற்றியவர் பக்கத்தில்தானே இருப்பார்? திரும்பிவிட்டேன். அறையில் உட்கார்ந்து 'பதினோரு கிலோ' என்று எழுதினேன்.

சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். "எல்லாம் பாக்க நேரமில்ல மேடம். ஏதாவது ஒரு வயலக் காட்டுங்க."

சீட்டம்மா குடத்தைக் குலுக்கினார். எனக்குத் தெரிந்த தெய்வங்கள் தீர்ந்துபோயின. ஓலையில் பதினேழு.

ஜீப்பில் வழி நெடுக நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

"இன்னா சார், இப்டி வேர்க்குது?"

"வெயில் மேடம்."

"மழ தூறிக்கினு கீது சார்."

போய் இறங்கினால், வயலே இல்லை. ஆளுயரத்துக்குக் கருவேலம். "இங்க பதினோரு கிலோ நெல்லுன்னு எழுதியிருக்கே?" என்றார் அதிகாரி. மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சிரித்தார்: "இங்க நெல்லா? மூணு வருசமா முள்ளுதான் கீது நைனா. பதினோரு கிலோ முள்ளு வேணா வெட்டிக்கினு போ!"

அதிகாரி சிரிக்கவில்லை. நான் ஜீப்புக்குப் பின்னால் நகர்ந்தேன். சீட்டம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"துறை என்னுது, கையெழுத்து என்னுது, தப்பும் என்னுது சார். மத்த வயலுங்கள நீங்களே விசாரிச்சிக்கோங்க."

விசாரித்தார்கள். மற்றவை சரியாக இருந்தன. துறை பிழைத்தது, அவரைத் தெற்கே எங்கோ மாற்றினார்கள். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. அதில் நான் இதுவரை சாய்ந்து உட்கார்ந்ததில்லை.

வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தேன். "மேடம், அந்தப் பதினோரு கிலோ..." என்று ஆரம்பித்தேன். வண்டி நகர்ந்துவிட்டது. ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஒண்ணும் வெளயலன்னா அதுவும் கணக்குதான். சைபர் போட பயப்படாதீங்க சார்!"