வாலுக்குக் கீழே இரண்டு டெப்

டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரில் தண்ணீர் டெப் வைக்க நினைப்பவன், பந்தியில் இலையை மடித்துவிட்டு உப்புக் கேட்பவன். இப்படிப்பட்டவர்கள் உலகத்தில் குறைவு. அவர்களில் முன்வரிசையில் எனக்கு ஒரு கதிரை உண்டு.

எங்கள் பாத்ரூமில் முதலில் இருந்தது ஒரு சீமெந்துத் தொட்டி, ஒரு வாளி, ஒரு கோப்பை. கடுகண்ணாவை மலைக் குளிரில் விடியற்காலை அந்தத் தண்ணீரை மேலில் ஊற்றுகிறவன் ஒன்று விரதக்காரன், அல்லது வேலைக்குப் பிந்தியவன். (நான் இரண்டாவது ரகம்.)

வீடு என்று நான் சொல்வது, கோப்பிக் காலத்தில் கோப்பிக்கொட்டை குவித்து வைத்த ஸ்டோரின் ஒரு துண்டு. மலையில் கோப்பி நோய் விழுந்து செத்தது, தேயிலை வந்தது, துரைமார் போனார்கள், கட்டடம் கைமாறிக் கைமாறி வீடுகளாகப் பிரிந்து, ஓரத்துத் துண்டு எங்களுக்கு வாய்த்தது. சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. கருங்கல்லும் களிமண்ணும் சுண்ணாம்பும். மழை நாளில் காதை வைத்தால் உள்ளே யாரோ மூச்சு விடுவது போலிருக்கும். (அப்போதே நான் வசனகவிதை எழுதிக்கொண்டிருந்தேன். சுவரில் காதை வைப்பது அதற்கான பயிற்சி என்பது என் கட்சி. மனைவியின் கட்சி வேறு.)

அந்தச் சுவரில் யானையைக் கொண்டுவந்தவள் என் மனைவி புனிதாதான். கெலிஓயாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் ரஃபீக்கிடம் ஒரு டைல்ஸ் செட் இருந்தது. யாரோ ஹோட்டல்காரர் சொல்லிச் செய்வித்துவிட்டு எடுக்காமல் போனது. அடுக்கினால் ஒரு பெரஹரா ஊர்வல யானை. சிவப்புப் பட்டு, நெற்றிப்பட்டம், வலப்பக்கம் நீட்டிய தும்பிக்கை, சுற்றிலும் வெறும் நீலம். அதுபோல் இன்னொன்று எங்கும் கிடையாது. பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போது புனிதா சொன்ன கடைசி வார்த்தை என்னைப் பற்றியது அல்ல.

"ஏங்க, நான் வர்றதுக்குள்ள வீட்ட என்னா வேணும்னாலும் செய்ங்க. யானை மேல ஒரு கீறல் விழுந்திச்சு, நான் வர மாட்டேன்."

மகள் பிறந்தாள். கெலிஓயாவில் மாமியார் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். என் சுண்டுவிரலைப் பிடித்தாள், விடவில்லை. வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்த விரலில் ஏதோ சுற்றியிருப்பது போலவே இருந்தது. எப்போது கூட்டிப்போகலாம் என்று மாமியாரிடம் கேட்டேன்.

"பச்ச ஒடம்பு மாப்பிள. அந்த ஐஸ் தண்ணில எம்புள்ளய குளிக்க விடுவேன்னு நெனச்சீங்களா? சுடுதண்ணி டெப் வைங்க, தாயையும் புள்ளையையும் அனுப்புறேன். இல்லாட்டி தீவாளி கழிச்சுப் பாப்போம்."

"வெள்ளிக்கெழம வந்து கூட்டிட்டுப் போறேன் அத்தை."

வாய் சொல்லிவிட்டது. மற்ற உறுப்புகளை யாரும் கேட்கவில்லை.

மேசன் பாஸ் வந்து பார்த்தார். "டைல்ஸ் மேலேயே பைப்ப ஓட்டிருவோம் சேர். அரை நாள் வேல" என்றார். பட்டுப் போர்த்திய யானையின் வயிற்றுக்குக் குறுக்கே வெள்ளைப் பிளாஸ்டிக் பைப்! நான் அவருக்குப் பிளேன்டீ கொடுத்து வழியனுப்பி வைத்தேன்.

என்னிடம் திட்டம் இருந்தது. பாத்ரூமுக்கு மறுபக்கம் சமையலறை; சுடுதண்ணிக் கீசர் அங்கே. பைப்பெல்லாம் சமையலறைப் பக்கமாகச் சுவருக்குள் வரும். தும்பிக்கை நுனிக்குச் சற்று அப்பால், அந்த வெறும் நீலத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டெப்பின் வாய் மட்டும் எட்டிப் பார்க்கும். யானைக்குக் கீறல் இல்லை. சுடுதண்ணீரை யானையே தும்பிக்கையால் பொழியும். புனிதா கண் கலங்குவாள். மாமியார் வாயடைத்துப் போவார். (இரண்டாவதை நினைத்து நான் நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.)

அளவெடுத்தேன். பாத்ரூமில் யானையைப் பார்த்து நின்று, வலக்கைப் பக்க மூலையிலிருந்து தும்பிக்கை நுனி வரை டேப்பைப் பிடித்தேன். சமையலறைக்குப் போனேன். அதே சுவரைப் பார்த்து நின்று, வலக்கைப் பக்க மூலையிலிருந்து அதே அளவைப் பிடித்துப் பென்சிலால் கீறினேன். சந்தேகம் வந்து மறுபடி போய் அளந்தேன். அளவு அச்சொட்டாகப் பொருந்தியது. என் நுணுக்கத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு உளியும் சுத்தியலும். கோப்பிக் காலத்துச் சுவர் இலேசில் மசியவில்லை. நானும்தான் மசியவில்லை. கருங்கல்லைச் சுற்றிக் குடைந்தேன், களிமண்ணைச் சுரண்டினேன். சோற்றில் சுண்ணாம்பு, படுக்கையில் சுண்ணாம்பு, இருமினால் சுண்ணாம்பு. ஒருமுறை களிமண்ணோடு ஒரு கோப்பிக்கொட்டை உதிர்ந்தது. கறுத்து, சுருங்கி, ஒரு நூற்றாண்டின் மூடிய கண் மாதிரி. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எந்த மலைச்சரிவு, எந்தக் கை, எந்த மழை என்று உருகிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் இன்னொரு தடவை அளந்திருக்கலாம்.

வியாழன் பின்னேரம் ரஃபீக் ட்ரில் மெஷினோடு வந்தான். டைல்ஸ் வரைக்கும் குடைந்தாயிற்று, டைல்ஸைத் துளைப்பதுதான் பாக்கி.

"நீ இந்தப் பக்கமா துளை மச்சான். நான் அங்கால நின்டு பாக்கிறேன், டைல்ஸ் வெடிச்சா சத்தம் வைக்கிறேன்" என்று பாத்ரூமுக்குள் போனான்.

நான் தாயின் வயிற்றில் கை வைப்பவனைப் போல மெதுவாகத் துளைத்தேன்.

"வருதா?"

"இன்னும் இல்ல."

"இப்ப?"

ட்ரில்லை நிறுத்திவிட்டுத் துளையில் காதை வைத்தேன்.

"ரஃபீக்! வந்திச்சா?"

"வந்திட்டுது மச்சான்."

"வெடிச்சிருச்சா?"

"இல்ல. ஓட்டை நல்ல வடிவா ஈக்குது."

"எங்க வந்திருக்கு? நுனியிலதானே?"

"ஒரு நுனியிலதான்..." அவன் குரல் நடுங்கியது. "நீயே வந்து பாரு. நான் சொல்ல மாட்டேன்."

ஓடினேன். ரஃபீக் கொமட் மூடிமேல் உட்கார்ந்து, என் குளியல் துவாயை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான். தும்பிக்கைப் பக்கத்து நீலம் அப்படியே இருந்தது. பார்வையை மெல்ல இடப்பக்கம் கொண்டுபோனேன். நெற்றிப்பட்டம், பட்டு, வயிறு, பின்னங்கால். அதற்கும் பின்னால், வாலுக்கு நேர் கீழே, ஒரு விரிசல்கூட இல்லாமல், சந்திரன் மாதிரி வட்டமாக ஒரு துளை.

சுவரைச் சுற்றி மறுபக்கம் போனால் வலது இடதாகிவிடும் என்பது எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

"இப்ப என்ன செய்யப் போற?" என்றான் ரஃபீக், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்தச் சுவரை இன்னொரு இடத்தில் குடைய நாள் இல்லை. விடிந்தால் வெள்ளி. சுண்டுவிரல் குறுகுறுத்தது.

"அடுத்த ஓட்டையப் போடப் போறேன்."

"அங்கயேயா?"

"அங்கயேதான்."

வெள்ளிக்கிழமை வேன் வந்து நின்றது. மாமியார் பிள்ளையைப் புனிதாவிடம் கொடுத்துவிட்டு நேரே பாத்ரூமுக்குள் போனார். நான் வாசலில் நின்றேன்.  எத்தனையோ நேர்முகப் பரீட்சைக்குப் போயிருக்கிறேன். இப்படி ஒரு வாசலில் நின்றதில்லை.

"புனிதா, இங்க வாடி."

புனிதா போனாள். நான் அவசரமாக முந்திக்கொண்டேன். "பாத்துக்க, யானை மேல ஒரு கீறல் இல்ல."

அவள் யானையைப் பார்த்தாள், வாலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது. கோபமா அழுகையா என்று நான் கணக்குப் போடுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

"ஐயோ, அம்மா... போங்க வெளிய... சிரிக்க முடியல, தையல் இழுக்குது!"

மாமியார் சிரிக்கவில்லை. சுடுதண்ணி டெப்பைத் திருகினார். யானைக்குப் பின்னால் ஆவி எழுந்தது. பச்சைத்தண்ணியையும் திறந்து, வாளியில் இரண்டையும் கலந்து, பிள்ளைக்குப் பார்ப்பது போல முழங்கையை உள்ளே விட்டுப் பார்த்தார். விட்டபடியே நின்றார்.

"எந்தப் பக்கத்தால விட்டா என்னா" என்றார் கடைசியில். "தண்ணி நல்ல சூடு. மாப்பிள, பெட்டிய எறக்குங்க."

மகள் இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன மாதம் அவளுடைய யாழ்ப்பாணத்துச் சிநேகிதி இங்கே தங்கிக் குளித்துவிட்டு வந்து, மிகுந்த மரியாதையோடு என்னிடம் கேட்டாள்: "அங்கிள், உங்கட யானைக்கு வயித்தால போகுதோ?" வீடு மறுபடி ஒரு சுற்றுச் சிரித்து அடங்க இரவுச் சாப்பாடு ஆகிவிட்டது.

மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். பனி இறங்கும் காலைகளில் அறைக்குள்ளிருந்து குரல் வரும்: "மாப்பிள, யானைய கொஞ்சம் தொறந்து விடுங்க."

எழுந்து போய்த் திறந்து விடுகிறேன். ஆவி மேலே எழும்புகிறது. யானை பட்டும் பட்டமுமாக நேரே முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கிறது, தனக்குப் பின்னால் நடப்பதற்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதது போல.