டைகர் தொடைக்குப் பூசிய கரி

ஒரு நாயின் தொடைக்குக் கரி பூசிய குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு தொடைகளுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, முழுச் சுயநினைவுடன், பழைய பல் பிரஷால் பூசினேன். இதற்காக வெட்கப்படுகிறேன். ஆனால் என்னை அந்த நிலைக்குத் தள்ளியவர்கள்மேல் இன்னும் கோபம் போகவில்லை. ஆறு வருடத்தில் என் தலையில் பாதி முடி உதிர்ந்துவிட்டது. கோபத்தில் ஒன்றும் உதிரவில்லை.

அப்போது பெங்களூரில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். காக்ஸ் டவுனிலிருந்து ஜீவனஹள்ளிக்குத் திரும்பும் சாலையில், பதினாறு வீடுகள் கொண்ட அபார்ட்மென்டின் இரண்டாவது மாடியில் நானும் மனைவி சுமதியும் வாடகைக்குக் குடியிருந்தோம்; இன்றும் அங்கேதான். வெளிநாடு போன நண்பர் ஒருவர் தன் நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். கறுப்பு கிரேஹவுண்ட், மூன்று வயது, முப்பது கிலோ. பெயர் டைகர். பெயரைத் தவிர அவனிடம் புலி எதுவும் இல்லை. பலூனுக்குப் பயப்படுவான். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கடியில் போவான். உடம்பு முழுக்க உள்ளே போகாது என்பதால் பாதி மட்டும் ஒளிந்துகொள்வான்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவரைப் பிடித்துவிட்டால் குரைக்கமாட்டான், நக்கமாட்டான். மெதுவாகப் பக்கத்தில் போய் நின்று, தன் மொத்த எடையையும் அவர் கால்மேல் போட்டுச் சாய்ந்துகொள்வான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வரும்போதே அவனுடைய பின்தொடைகள் இரண்டும் வழுக்கை. சொறி இல்லை, புண் இல்லை, சிவப்பு இல்லை. யாரோ உட்கார்ந்து நிதானமாகச் சவரம் செய்ததுபோல் வழவழப்பாக இருந்தன. பயந்துபோய் கால்நடை மருத்துவர் ஷோபாவிடம் கொண்டுபோனோம். தோலைச் சுரண்டிப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிறகு தன் கன்னடத் தமிழில் சொன்னார்:

“இது நோய் இல்ல ஸார். இந்த ப்ரீடுக்கு தொடையில முடி போறது சகஜம். ஏன்னு யாருக்கும் சரியா தெரியாது. சிலதுக்குத் திரும்ப வரும், சிலதுக்கு வராது. யாருக்கும் ஒட்டாது. ஆனா எண்ணெய், கிண்ணெய், பவுடர் ஒண்ணும் பூச பேடா, பூசக் கூடாது. நோடி, நான் இப்பவே சொல்லிட்டேன்.”

பிறகு வாரம் ஒருமுறை ரப்பர் கையுறையால் மெல்லத் தேய்த்துவிட வேண்டும், அடிக்கடி குளிப்பாட்டக் கூடாது, படுக்க மெத்தை வேண்டும், டிசம்பரில் ஸ்வெட்டர் போட வேண்டும் என்றார். இந்த இனத்துக்கு மேல்முடியே மெல்லிசு, அதற்கடியில் குளிர் தாங்கும் முடி கிடையாதாம். “வெளியில கட்டிப் போட்டா இவன் தாங்கமாட்டான்” என்றார். நான் கேட்டதால் ‘இது தொற்றுநோய் அல்ல’ என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாம் வாழும் நாட்டில் மருத்துவர் ஒருவரைத் தவிர எல்லாரும் மருத்துவர்கள். வாட்ச்மேன் வேப்பெண்ணெய் என்றார். நான்காவது மாடி எஞ்சினியர் வெங்காயச் சாறு தடவச் சொல்லி வீடியோ அனுப்பினார். (வெங்காயம் நாய்க்கு விஷம். அனுப்பியவர் இரண்டு பட்டம் வாங்கியவர்.) பார்க்கில் நடக்க வரும் ஒருவர் என்னை நிறுத்தி, “ஓட்டின என்ஜின் ஆயில் பூசுங்க தம்பி, ஒரே வாரம். அடுகோடில நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்கான், ஒரு கேன் வாங்கித் தரட்டா?” என்றார். அவர் தொடைக்கு முதலில் பூசிப் பார்க்கலாமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் இன்றும் எரிகிறது.

எல்லாருக்கும் மேலே எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தேவராஜன் சார். மூன்று தலைமுறையாகப் பெங்களூர்க்காரர், மாநில அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர். டைகரைப் பத்தடிக்கு இந்தப் பக்கம் நின்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்க்காமலே அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்: இரண்டாவது மாடியில் தோல் வியாதி பிடித்த நாய் ஒன்று இருக்கிறது, குழந்தைகளுக்கு ஆபத்து, ஞாயிறு கூட்டத்தில் அதை வெளியேற்றுவது பற்றி இறுதி முடிவு. ஒரு செய்தி, அதில் ஒரு உண்மைகூட இல்லை. எங்கள் அலுவலகத்தில் இப்படி எழுதிக் கொண்டுவந்தால் தாளைக் கிழித்து முகத்திலேயே போட்டிருப்பார்கள்.

மறுநாள் வீட்டுக்காரர் போன் செய்தார்.

“சங்கம் வேணாம்னு சொல்லிட்டா நான் என்ன சார் பண்றது? ஒண்ணு நாய அனுப்புங்க, இல்லன்னா வேற வீடு பாத்துக்குங்க. ஹெப்பகோடில என் குடோன் இருக்கு. வேணும்னா அங்க கேட்டுல கட்டிக்கலாம். காவலுக்கு ஆச்சு.”

அது டிசம்பர் முதல் வாரம். காகிதம் போன்ற தோல், இரண்டு தொடையும் வெறுமை, பலூனுக்குப் பயப்படும் சுபாவம். இந்த நாய் ஹெப்பகோடியில் இரும்புக் கேட்டில் கட்டிக் கிடக்கும். எனக்கு ரத்தம் கொதித்தது.

சுமதி நிதானமாக இருந்தாள். “டாக்டர் லெட்டர் இருக்கு இல்ல? ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போயி படிங்க. அவ்ளோதான்.”

“லெட்டர எவன் படிப்பான்? எல்லாரும் தொடையத்தான் பாப்பானுங்க.”

இது பத்திரிகை ஆபீசில் கற்ற பாடம். வாசகர் முதலில் படத்தைப் பார்ப்பார், செய்தி பிறகுதான். ஆனால் அதே ஆபீசில் இன்னொரு பாடமும் உண்டு: படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தக் கூடாது. ஒரு மேடைப் படத்தில் காலி நாற்காலியை அழித்துவிட்டார் என்பதற்காக ஒரு போட்டோகிராபரிடம் நான் ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன். அவ்வளவு பெரிய நியாயஸ்தன். கோபம் முதல் பாடத்தை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிட்டது.

ஞாயிறு காலை கொட்டாங்குச்சியை அடுப்பில் சுட்டுக் கரியாக்கினேன். மிக்ஸியின் சட்னி ஜாரில் பொடித்தேன். (அந்த ஜாரில் அதன்பிறகு அரைத்த சட்னியெல்லாம் சாம்பல் நிறம்தான்.) தேங்காயெண்ணெயில் குழைத்தேன். எண்ணெய் கூடாது என்று மருத்துவர் சொன்னது ஞாபகம் வந்தது; அது வைத்தியத்துக்கு, இது அவசரத்துக்கு என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். டைகர் சமர்த்தாக நின்றான். நடுவில் இரண்டு முறை திரும்பித் தன் தொடையை நக்கிப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று வாலாட்டினான்.

வீட்டு வேலைக்கு வரும் செல்வி பால்கனி வாசலில் துடைப்பத்தோடு நின்று பார்த்தாள். ஜீவனஹள்ளிக்காரி, வாய்க்குப் பூட்டுப் போடாதவள்.

“இன்னாண்ணா பண்ற?”

“பாத்தா தெரியல?”

“தெரியுது. அதான் கேக்கறேன். முடி இல்லன்னா இன்னா இப்போ? எங்கூட்டுக்காரருக்குந்தான் இல்ல. நான் இன்னா ஹெப்பகோடிக்கா அனுப்பிட்டேன்?”

பத்து மணிக்குக் கீழே பார்க்கிங்கில் கூட்டம். வெயிலில் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. டைகரின் மற்ற உடம்பு மங்கலான கறுப்பு. தொடைகள் மட்டும் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று போடும் புது ஷூ மாதிரி மின்னின. ஆனாலும் மூன்றாவது மாடி அம்மா ஏமாந்தார்.

“ஐயோ, முடி வந்துடுச்சே! பாவம், இத போயி வியாதின்னு சொன்னீங்களே சார்!”

அந்த ஒரு நிமிடம் நான் வாழ்ந்த வாழ்க்கை யாருக்கும் கிடைக்காது.

தேவராஜன் சார் கண்ணாடியை எடுத்து மாட்டினார். கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார். நெற்றியில் விபூதி, இடுப்பில் சலவை மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. பத்தடித் தூரத்தை முதல்முறையாகக் கடந்து பக்கத்தில் வந்து குனிந்தார். டைகர் அவரை நிமிர்ந்து பார்த்தான். பிடித்துவிட்டது போலிருக்கிறது. மெதுவாகத் திரும்பி, அவர் காலோடு ஒட்டி நின்று, முப்பது கிலோவையும் அவர்மேல் போட்டுச் சாய்ந்தான்.

நான் கயிற்றை இழுத்தேன். இழுத்ததில் தேய்த்தும்விட்டான்.

வெள்ளை வேட்டியில் முழங்காலுக்குமேல் ஒரு கிரேஹவுண்டின் தொடை முழு அளவில் அச்சாகியிருந்தது. அவ்வளவு சுத்தமான அச்சை எங்கள் பிரஸ்ஸில்கூடப் பார்த்ததில்லை.

“ஏய்! ஏய்! என்னய்யா இது? வியாதி கழண்டு வருது!” என்று அலறினார். தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். மாடிப்படியில் செல்வி துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். தேவராஜன் சார் கறையை விரலால் தொட்டார், மோந்தார்.

“தேங்காயெண்ணெய்.”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“நாய்க்கு மேக்கப்பு போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா? படிச்சவர் தானே நீங்க?”

நான் அவசரமாக மருத்துவர் கடிதத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“கலர் அடிச்சு நாயைக் கொண்டுவந்தவரு, லெட்டர மட்டும் ஒரிஜினலா கொண்டுவந்திருப்பாருன்னு நான் நம்பணுமா?”

அந்த விவகாரத்தில் அவர் சொன்ன முதல் சரியான வாக்கியம் அது. எனக்கு எதிராகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு உண்மை கையில் இருக்கும்போதே அதன் கழுத்தை நானே நெரித்திருந்தேன். ஹெப்பகோடி கேட் கண்முன் வந்தது. டைகர் இப்போது என் கால்மேல் சாய்ந்துகொண்டு கொட்டாவி விட்டான்.

சுமதி ஷோபாவுக்குப் போன் செய்தாள். கிளினிக்கை மூடிவிட்டு அரைமணியில் வந்து சேர்ந்தார். தொடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஒண்ணும் பூச பேடான்னு சொன்னேனா இல்லயா ஸார்? சொன்னேனா இல்லயா?”

பதினாறு வீட்டார் முன்னால், “சொன்னீங்க டாக்டர்” என்றேன். ஈரத்துணி கொண்டுவரச் சொல்லி, என்னையே முழங்காலில் உட்காரவைத்துத் துடைக்கச் சொன்னார். கரி போனது, வழுக்கை வந்தது. ஷோபா வெறும் கையை அதன்மேல் வைத்தார். பிறகு தேவராஜன் சாரிடம், “நீங்களும் வெச்சுப் பாருங்க ஸார். வியாதியா இருந்தா நான் வெப்பனா?” என்றார்.

அவர் முதலில் இரண்டு விரலை வைத்தார். பிறகு உள்ளங்கையை. டைகர் சந்தோஷமாக மறுபடி அவர்மேல் சாய்ந்தான். விலகிவிடுவார் என்று நினைத்தேன். விலகவில்லை. “வேட்டி போனது போச்சு” என்றார்.

டைகர் இருக்கலாம் என்று முடிவானது. ஒரு நிபந்தனையோடு: நாய்க்கு வியாதி இல்லை, கரி பூசியது நான்தான் என்று நானே கைப்பட எழுதிப் பலகையில் ஒட்ட வேண்டும். என் தொழிலில் தவறு முதல் பக்கத்தில் வரும், திருத்தம் ஏழாம் பக்கத்தின் மூலையில் வரும். அங்கே நேர்மாறாக நடந்தது. பார்க்காமலே வியாதி என்று எழுதிய அவருடைய தாள் அன்று மாலையே மறைந்தது. என் திருத்தம் பதினொரு மாதம் தொங்கியது. அவர் இன்றுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. லிப்டில் பார்த்தால் வேட்டியைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இன்னைக்கு ஒரிஜினல்தானே?” என்று கேட்டுவிட்டுத்தான் காலைக் காட்டுகிறார். அந்தத் துரோகியும் போய்ச் சாய்கிறான்.

அடுத்த வருடம், யாரும் எதுவும் பூசாமலே, இடது தொடையில் முடி தானாக முளைத்தது. வலது தொடை இன்றும் வழுக்கைதான்.

எங்கள் குடும்பத்தில் அதன்பிறகு யாரும் நிம்மதியாக அலங்காரம் செய்துகொள்ள முடியவில்லை. பவுடர் பூசினாலும், உதட்டில் கலர் வைத்தாலும், கிளம்பும்போது ஒருவர் வழிமறித்து எச்சரிப்பார். போன மாதம் ஓசூரில் ஒரு கல்யாணம். மிச்சமிருக்கும் முடிக்கு வாழ்க்கையில் முதல்முறையாக டை அடித்துக்கொண்டு போனேன். மண்டப வாசலிலேயே மச்சினி பிடித்துக்கொண்டாள். நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

“மாமா, யார் மேலயும் சாஞ்சுடாதீங்க!”

கோபத்தில் முகம் சிவந்தது. ஆனாலும் அன்று மூன்று மணிநேரம் நாற்காலியின் முதுகில்கூட நான் சாயவில்லை. அதற்கு வெள்ளை உறை போட்டிருந்தார்கள்.