நீ முன்பக்கமாகத்தான் வந்தாய்

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் குடும்பத்தோடு ஒத்துப்போகாமல் தனியாக வலித்துக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். உன்னைக் கேட்கத்தான் தயக்கம். காரணம் கீழே வருகிறது. உட்கார்ந்து படி. கைக்கெட்டும் தூரத்தில் எறியக்கூடிய பொருள் எதையும் வைத்துக்கொள்ளாதே.

அடுத்த மாத வட்டு எறியும் போட்டிக்கு உன்னை நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்களாம். பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர் வேலையிலிருந்து மேலே போக அது ஒன்றுதான் வழியாம். நீயோ, தலைமை நடுவர் நீ 'சிவப்புக்கொடி' என்று பேர் வைத்த அந்த மனுஷர்தான் என்று தெரிந்ததும், வர முடியாது என்று சனிக்கிழமைக்குள் எழுதப்போகிறாயாம். "என் வாழ்க்கையக் கெடுத்த ஆளு பக்கத்துல நின்னு நான் கொடி பிடிக்கணுமா அண்ணி?" என்று போனில் கேட்டாயாம். உன் அண்ணி இதை என்னிடம் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவள், எதையோ படித்துவிட்டாள்.

நீ வட்டு எறிய வந்ததே என்னால்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவன் நான். நடந்தது என்ன? நான் உன்மேல் ஒரு பாத்திர மூடியை வீசினேன், நீ அதைத் திருப்பி வீசினாய், அது என்னைத் தாண்டி, சுவரைத் தாண்டி, அடுத்த வீட்டு வாத்தியாரின் ஜன்னலுக்குள் போனது. சண்டைக்கு வந்த மனுஷன் மூடி கிளம்பிய இடத்திலிருந்து அடி வைத்து அளந்து பார்த்துவிட்டு, சண்டையை மறந்து, "இந்தப் பொண்ண நாளைக்கு மைதானத்துக்கு அனுப்புங்க" என்றார். அப்புறம் பத்து வருஷம் உனக்கு உள்ளங்கைத் தோல் உரிந்ததும், விடியும் முன்னே நீ ஓடப்போனதும், உன் தோள் அளவைச் சீட்டில் பார்த்த தையல்காரர் "இது அண்ணனுக்கா?" என்று கேட்டு, என் தோளைப் பார்த்ததும் கேள்வியை வாபஸ் வாங்கியதும் எல்லாம் எனக்கு நேற்று போல இருக்கிறது.

அந்தத் தேர்வு நாளுக்கு வருகிறேன். வெளிநாட்டுப் போட்டிக்கு ஒரே ஓர் இடம். ஐந்து முறை எறிந்தும் தேர்வுக் கோடு உனக்கு எட்டவில்லை. நான் யாரோ ஒரு பத்திரிகைக்காரரின் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரவல் கேமராவோடு, எறியும் வட்டத்தைச் சுற்றிய வலைக்கு வெளியே முன்பக்க ஓரமாக நின்றேன். ஆறாவது முறை நீ சுழன்று விட்டாய் பார், அந்த வட்டு கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. விழுந்த பிறகு வட்டத்தின் பின்பாதி வழியாகத்தான் வெளியே வர வேண்டும், முன்பாதியில் ஒரு கால் வெளியே வைத்தாலும் எறிந்தது செல்லாது. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துதான், படம் எடுக்கிற அவசரத்தில், "இங்க பாரும்மா, இங்க வா" என்று கத்தினேன். நீ சிரித்துக்கொண்டே நேராக என்னிடம் ஓடிவந்தாய்.

அந்த நடுவர் சிவப்புக்கொடியைத் தூக்கினார். அளக்கவே இல்லை.

"அண்ணா, நான் எந்தப் பக்கமா வந்தேன்? எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல."

"பின்பக்கமாத்தாம்மா வந்தே. ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

உண்மையில் ஒரு கண்ணால்தான் பார்த்தேன், மற்றது கேமராவுக்காக மூடியிருந்தது. நீ அழுதுகொண்டிருந்தாய். சாயங்காலம் வரைக்கும் தாங்கினால் போதும் என்று சொன்ன பொய் அது. இருபத்திரண்டு வருஷம் தாங்கும் என்று யார் கண்டது? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அடுத்த வருஷம் உன் தோள் கிழிந்தது.

ஃபிலிமில் வெளிச்சம் பட்டுவிட்டது என்று சொன்னதும் பொய்தான். அந்தப் படம் பீரோவில், என் கல்யாணச் சட்டைக்கு அடியில் இருந்தது. அந்தச் சட்டைக்குள் நான் இனி நுழையமாட்டேன், அதனால் யாரும் எடுக்கமாட்டார்கள் என்ற தைரியம். இத்துடன் வைத்திருக்கிறேன். உன் முகம் அவ்வளவு சந்தோஷமாக வேறெந்தப் படத்திலும் இல்லை. கீழே உன் வலது கால் முன்விளிம்பைத் தாண்டி மண்ணில் இருக்கிறது. அந்த மனுஷர் பார்த்ததைத்தான் சொன்னார். கோபத்தை என்மேல் திருப்பு, வேலையை ஒத்துக்கொள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உனக்கு ஆசி சொல்லும் வயது இருக்கிறது, யோக்கியதை இல்லை.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் நீ போன் செய்தாய். வேலையை ஒத்துக்கொண்டாயாம். நேற்று அவர் வீட்டுக்கே போய், "போனது போகட்டும் சார், உங்கள மன்னிச்சுட்டேன்" என்றாயாம். அவர் தலையாட்டி, உனக்கு டீ போட்டுக் கொடுத்தாராம். ஆகவே, இந்தக் கடிதத்துக்கு இனி அவசியமே இல்லை. கிழித்துப்போடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. என் பங்கு மன்னிப்பை இன்னொருவர் கைநீட்டி வாங்கிக்கொண்டு, டீயும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். போய் அவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள். எனக்குத் தருவதும் தராததும் உன் இஷ்டம். உன் அண்ணி செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். தபால்பெட்டி வரைக்கும்கூட என்னை நம்பமாட்டாளாம்.