நேர்ந்துவிட்ட கெடாவுக்குச் சளி

செவ்வாய்க்கிழமை காலை, வீரனாருக்கு நேர்ந்துவிட்ட செம்மறிக் கெடா பதினொரு முறை தும்மியது. பன்னிரண்டாவதை எழுதிக்கொள்ள நோட்டுப் புத்தகத்தோடு எதிரில் குந்தியிருந்தான் கார்த்திகேசன்.

"மூக்கு ஒழுவுது மாப்ள," என்றார் மாமனார் சாமிக்கண்ணு. "நோவு உள்ள கெடாவ பூசாரி தொடமாட்டாரு. வெள்ளிக்கிழம வெட்டு."

மகள் சத்யப்பிரியாவுக்குச் சுகப்பிரசவம் ஆனால் கெடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டவர் அவர்தான். ஒரு வருஷமாகக் கையாலேயே தழை ஊட்டி வளர்த்தவரும் அவர்தான். கார்த்திகேசனோ வீட்டோடு மாப்பிள்ளை. போன வருஷம் அவன் பொறுப்பில் விட்ட ஒன்பது கோழிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. இப்போது கெடாவும் போனால் கீரப்பாளையத்தில் தலைகாட்ட முடியாது.

"நான் பாத்துக்கிறேன் மாமா."

"நீங்க சிதம்பரத்துல கிளாஸ் முடிச்சி வர்றதே லேட்டு. காலையில நல்லாத் தூங்குங்க. விடியக்காலையில அவுத்துக் கட்டுறத நான் பாத்துக்கிறேன்."

மாலை வகுப்புக்குக் கிளம்புமுன் கொட்டகையைச் சுற்றிச் சாக்குக் கட்டி, வேப்பிலைப் புகை போட்டான்.

புதன் காலை, கெடா இருபத்து மூன்று தும்மல். சத்யப்பிரியா ஆறு.

"பொக கெடாவுக்குப் போட்டீங்களா, எனக்கா?" என்றாள் அவள்.

கெடாவைக் கால்நடை மருத்துவரிடம் ஓட்டிப் போனான். டாக்டரம்மா காய்ச்சல் பார்த்தார். "வெறும் சளிதான். பொகைய நிறுத்துங்க, காத்து வரட்டும். தரையும் ஒடம்பும் ஈரமாவாம பாத்துக்குங்க. தானா சரியாப் போயிடும்."

சாக்கை அவிழ்த்தான். காய்ந்த வைக்கோல் பரப்பினான். சாயங்காலம் நாலே தும்மல். வகுப்பில் அன்று பாடம்கூடப் புரிந்தது.

வியாழன் காலை முப்பத்தொன்று. வைக்கோல் சொதசொதவென்று இருந்தது. கெடாவின் முதுகில் தண்ணீர் சொட்டியது.

"பனி மாப்ள," என்றார் சாமிக்கண்ணு, வானத்தைப் பார்த்தபடி. "இந்த வருஷம் ஜாஸ்தி."

காற்றை அளவுக்கு மீறி விட்டுவிட்டோமோ? மேலே தார்ப்பாய் கட்டினான். அதுவும் போதுமா என்ற சந்தேகத்தில், கல்யாணத்துக்குப் பரிசாக வந்த தன் நீல ஸ்வெட்டரையும் கெடாவுக்கு மாட்டினான். சாயங்காலம் மூன்றே தும்மல்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்வெட்டரைப் பிழிந்தால் கால் வாளி தண்ணீர் வந்தது. தார்ப்பாயில் ஓட்டை எதுவும் இல்லை. நோட்டில் 'வேர்வையா?' என்று எழுதி, தன்மேலேயே நம்பிக்கை இல்லாமல் அடித்தான்.

கோயிலில் பூசாரி விபூதித் தட்டோடு குனிந்தார். கெடா தும்மியது. தட்டில் இருந்ததெல்லாம் பூசாரியின் மீசையில் இருந்தது.

"சளி புடிச்ச கெடாவா வீரனாருக்கு?" என்றார் மீசையைத் தட்டிவிட்டு. "பொங்க வச்சி வேண்டுதல முடிச்சிக்குங்க. சாமி வேணாம்னு அனுப்புன கெடா. இனிமே இத வெட்டவும் கூடாது, விக்கவும் கூடாது."

கறிச்சோற்றை நம்பிப் பெண்ணாடத்திலிருந்து பஸ் ஏறி வந்த மச்சான் அன்பரசு பெருமூச்சு விட்டான். "கோழிக்கு அப்பறம் கெடாவா மச்சான்? நல்லவேள, எங்க வூட்டுல மாடு இருக்கறது ஒனக்குத் தெரியாது."

கார்த்திகேசன் தலை குனிந்தான். "மன்னிச்சிடுங்க மாமா. எங்க தப்புப் பண்ணேன்னே தெரியல."

சாமிக்கண்ணு தோள் துண்டால் கெடாவின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பரவால்ல மாப்ள," என்றார். "நம்ம கையில என்னா இருக்குது?"

சனிக்கிழமை காலை நோட்டோடு ஒரு மணி நேரம் குந்தியிருந்தான். ஒரு தும்மல்கூட இல்லை. வைக்கோல் மொடமொடவென்று காய்ந்திருந்தது. பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் சாமிக்கண்ணு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மாமியார் ஞானாம்பாள் காபி கொண்டுவந்தாள்.

"எந்த வைத்தியம் கேட்டுதுன்னே புரியல அத்தை. நேத்து நான் ஒண்ணுமே பண்ணல."

அவள் கட்டிலைப் பார்த்தாள், கெடாவைப் பார்த்தாள், டம்ளரை அவன் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்குத்தான் ஒங்க மாமா விடியக்காலையில எழுந்து, வாளித் தண்ணிய அது முதுவுல ஊத்தல."