பெயர் சொல்ல விரும்பாத சகோதரர்

கிறிஸ்துவுக்குள் அன்பும் மரியாதையும் நிறைந்த பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். இந்தச் ‘சுகம்’ என்ற சொல்லைப் போன மாதம் வரை வழக்கத்துக்காக எழுதிவந்தேன். இன்று டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் பணித்தளத்திலும் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். எங்கள் சபையில் எழுப்புதல் உண்டாகி ஜனங்கள் மனந்திரும்பியதாகக் கேள்விப்பட்டு, மிஷன் பத்திரிகைக்கு விவரம் கேட்டிருந்தீர்கள். உண்டானது உண்மை. அதற்கு நான் காரணம் என்பதும் உண்மை. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன் என் பின்கழுத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசியால் குத்திச் சதையும், கூடவே ரத்தமும் எடுத்து, பத்து நாளில் முடிவு வரும் என்றார்கள். பத்தாம் நாள் வந்தது, நான் போகவில்லை. முப்பது வருஷம் சைக்கிள் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்து அடுத்தவன் செய்த சக்கரத்தில் கோணல் கண்டுபிடித்தவனுக்கு, தன் கழுத்தைப் பற்றி எழுதிய தாளைப் பிரிக்கத் தைரியம் வரவில்லை. உங்கள் தங்கையிடமும் சொல்லவில்லை. உங்கள் அம்மாவைப் படுக்கையில் வைத்து இரண்டு வருஷம் பார்த்தவள் அவள். மறுபடியும் அந்த வாளியையும் துணியையும் அவள் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை மச்சான். முடிவு வாங்கக் காட்ட வேண்டிய ரசீது மட்டும் சட்டைப் பையிலேயே இருந்தது.

எங்கள் சபையின் ஜெபச் சங்கிலி உங்களுக்குத் தெரியும். போதகரின் மனைவியான போதகர் அம்மாவிடம் யாராவது விண்ணப்பம் சொன்னால், அவர் அடுத்தவருக்குப் போன் செய்ய, அவர் அதற்கடுத்தவருக்கு என்று பன்னிரண்டு பேரைத் தாண்டும். பெயர் கேட்கக் கூடாது, கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்று விதி எழுதியவன் நான். சரக்கு சேதமில்லாமல் வந்து சேர்கிறதா என்று பார்க்கும் கடைசி ஆளும் நானே. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோராவது ஆளான எலக்ட்ரீஷியன் கூப்பிட்டார். “ஐயா, பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரர். உடம்புல ஒரு கட்டியாம். டெஸ்டுக்குக் கொடுத்துட்டு முடிவை வாங்கப் போகாம, வீட்டுக்காரம்மாவுக்கும் மறைச்சிட்டுத் திரியறாராம். பிடிவாதக்காரராம். அவர் மனசு இளகணும், முடிவு நல்லபடியா வரணும்.”

நியாயமாக எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் நான்தான் யாரிடமும் மூச்சு விடவில்லையே, பிறகு எப்படிச் சங்கிலியில் வரும்? ஆகவே என்னைப் போலவே இன்னொரு பாவப்பட்டவர் இருக்கிறார் என்று முடிவு கட்டினேன். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. கூடவே கோபமும் வந்தது. எனக்காவது காரணம் இருக்கிறது, அந்த ஆளுக்கு என்ன வந்தது? உபவாசம் இருந்து ஜெபித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்; நிறுத்தவில்லை. அந்தச் சகோதரரைக் கண்டுபிடிக்கக் கிளம்பினேன்.

வெயிலிலும் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருக்கும் தையல்காரர் மேல் சந்தேகம் விழுந்தது. கடைக்குப் போய், “தம்பி, வீட்ல மறைக்கலாமா? அந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?” என்றேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்று மாலையே, ஆறு மாதமாக ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை, காஜா எல்லாம் பக்கத்துக் கடையில் கொடுத்து எடுக்கிறேன் என்று மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார். அந்த அம்மா அவரைக் கையோடு கண் டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டார். அடுத்து வேன் டிரைவரைப் பிடித்தேன். அவருக்கு இடது காது கேட்கவில்லையாம். கடைசியில் போதகரையே மடக்கினேன். முழங்கால் வலியால் ஒரு வருஷமாக முழங்காலிடுவதே இல்லை, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபிக்கிறேன் என்று அம்மாவிடம் ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு வீடு ஆண்பிள்ளைகள் அறிக்கை செய்ய, பெண்பிள்ளைகள் திட்டிக்கொண்டே கண்ணைத் துடைக்க, வருஷக்கணக்கில் கோவில் பக்கம் வராதவர்கள்கூட மூன்று நாள் கூட்டத்துக்கு வந்து படிக்கட்டு வரை உட்கார்ந்தார்கள். எழுப்புதல் என்றது இதைத்தான்.

மூன்றாம் நாள் சாட்சி சொல்லும் வேளையில் நான் எழுந்தேன். “இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்கார். இங்கேதான் கல்லு மாதிரி உக்காந்திருக்கார். அவர் எழுந்திரிக்கிற வரைக்கும் நான் உக்கார மாட்டேன்” என்றேன். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். உங்கள் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். முன்வரிசையில் புதுக் கண்ணாடியோடு இருந்த தையல்காரர் மெதுவாக, “ஐயா, நின்னுக்கிட்டுதான் இருக்கீங்க. அது நீங்கதான்” என்றார்.

சட்டையைத் துவைக்கும்போது ரசீதைப் பார்த்து, உங்கள் தங்கைதான் போதகர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பெயர் சொல்லவே இல்லை. ‘பிடிவாதக்காரர்’ என்றதுமே மற்றப் பத்துப் பேருக்கும் விளங்கிவிட்டதாம். “என்கிட்டயே கேட்டிருக்கலாமே” என்றேன். “கேட்டா இல்லைன்னு சொல்வீங்க. அப்புறம் பொய் சொன்னதுக்கும் சேர்த்து ஜெபிக்கணும்” என்றாள். மறுநாள் இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாளை அவள்தான் பிரித்தாள். வெறும் கொழுப்புக் கட்டி, ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார் டாக்டர். மருந்து கொடுக்கும் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, வரிசையில் நிற்பவர்கள் பார்க்க, இருவரும் அழுதோம். அவளைப் பயத்தோடு தனியாக விட்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இனி அவளிடம் ஒளிவுமறைவு இல்லை என்று அங்கேயே கையடித்துக் கொடுத்தேன். பத்திரிகையில் போடுவதானால் இதைப் போடுங்கள், கழுத்தை விட்டுவிடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லுங்கள். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
மனம் இளகிய மைத்துனன்

பின்குறிப்பு: தாளின் பின்பக்கத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், தேநீரில் சீனியை நிறுத்தவும் என்றும் இருக்கிறது. அவள் முன்பக்கத்தை மட்டும்தான் வாசித்தாள். தயவுசெய்து இது நமக்குள் இருக்கட்டும். உறையை நன்றாக ஒட்டித்தான் தபாலில் சேர்க்க அவளிடம் கொடுக்கிறேன்.

இன்னொரு பின்குறிப்பு: அண்ணா, உறை சரியாக ஒட்டவில்லை. போதகர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மத்தியானத்துக்குள் கடைசி ஆளுக்குப் போன் வந்துவிடும்.