மாரெனையும் புல்போர் இயந்திரத்தையும் குறித்து மாமனாருக்கு

லூப் ஆற்றங்கரை, நெப்ராஸ்கா
1908 ஜூலை 19, ஞாயிறு

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களின் சமூகத்துக்கு, மருமகன் ரஸ்முஸ் லுண்ட்பி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், குதிரைகளும், பசுக்களும், கூலியாள் எலோஃபும் சுகம். அவ்விடம் தாங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் மகளும் என் மனைவியுமான மாரென் சுகமாக இருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கிருந்து கிளம்பும்போது அவள் குரல் நன்றாகவே இருந்தது.

அவள் தங்களிடம் என்ன சொல்லியிருக்கிறாளோ எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வதுதான் பெரியவர்களுக்கு அழகு என்பதால், என் பக்கத்தை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன்.

தாங்கள் போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, வாத்துக் கறியைக் கடித்துக்கொண்டே, “மெஷின் போட்ட புல்லுப் போருல மழை வழிஞ்சு ஓடாது மாப்பிள்ளை, உள்ள எறங்கிரும். அப்புறம் மாடு பூஞ்சணத்தத்தான் திங்கும்” என்று சொன்னீர்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலை ஆடியபடியே இருக்க, மே மாதத்தில் போய் இயந்திரத்தை வாங்கிவிட்டேன். அதற்குக் காரணம் பக்கத்துப் பண்ணை ஹ்ருஷ்கா. புதிதாக எது வாங்கினாலும் அந்த மனுஷன் அதை ரோட்டோரமாகத்தான் நிறுத்துவான். நான் மட்டும் எத்தனை வருஷம்தான் பார்த்துக்கொண்டே போவது?

இயந்திரம் என்றால் பெரிய மாயம் ஒன்றும் இல்லை மாமா. ஆள் உயரத்தைவிட நீளமான மரப் பற்கள் தரையில் வரிசையாகப் படுத்திருக்கும். வயலிலிருந்து குதிரைகள் கூட்டித் தள்ளிவரும் காய்ந்த புல் அதன்மேல் ஏறும். இந்தப் பக்கம் இன்னொரு ஜோடிக் குதிரைகள் வடத்தை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தால், பற்கள் புல்லோடு எழுந்து தலைக்குமேல் போய், பின்னால் இருக்கும் போரின்மேல் கொட்டும். குதிரைகள் பின்வாங்கினால் பற்கள் சாதுவாகத் தரைக்கு வரும். அவ்வளவுதான். நாள் முழுக்கக் கவைக்கோலால் எறிந்து எறிந்து தோள்பட்டை கழன்றுபோகும் வேலை, மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். பூட்டி முடித்தபோது கொஞ்சம் திருகாணிகள் மிஞ்சின. “தாராளமா போட்டுக் குடுத்திருக்காங்க முதலாளி, நல்ல கம்பெனி” என்றான் எலோஃப். அவன் நம்மைப்போல டேனிஷ்காரன் இல்லை, ஸ்வீடன்காரன் என்பதைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

முதல் நாள் போரின்மேல் மாரென்தான் நின்றாள். புல்லைப் பரப்பி, மிதித்து, மழை வழியும்படி முதுகு வைத்துப் போரை ஏற்றுவதில் இந்தப் பள்ளத்தாக்கில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆலயத்துக்குப் போகும் வண்டிகள் எங்கள் போரைப் பார்க்க வேகத்தைக் குறைக்கும். முதல் சில சுமைகள் பூப்போல விழுந்தன. “பரவாயில்லையே!” என்று அவளே மேலேயிருந்து சொன்னாள். வடம் இழுக்கும் குதிரைகளை நான்தான் பிடித்திருந்தேன். கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு குளவி வந்தது மாமா. குளவி என்றால் சாதாரணக் குளவி இல்லை. குதிரைகள் மிரண்டு பிய்த்துக்கொண்டு ஓட, வடம் விண்ணென்று இறுக, பற்கள் எழவில்லை, பாய்ந்தன. ஒரு வண்டிப் புல் அப்படியே பறந்து போய் மாரென் தலைமேல் இறங்கியது. போருக்கு வெளியே ஒரே ஒரு பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அது ஆடிக்கொண்டிருந்ததால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று உடனே புரிந்துகொண்டேன்.

அவள் புல்லைத் துப்பிக்கொண்டு வெளியே வந்து, “குதிரைய யாரு பிடிச்சிருந்தா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அவசரத்தில் என் வாயில் வந்தது, “மெஷின்மேல ஒரு தப்பும் இல்ல மாரென். நீதான் நிக்கக்கூடாத எடத்துல நின்னுட்ட” என்பதுதான்.

அவள் கயிற்றைப் பிடித்து இறங்கினாள். தலையிலிருந்த புல்லை உதறினாள். கவைக்கோலை என் கையில் கொடுத்தாள். “சரி. மெஷின்தான் எல்லாத்தையும் சரியா செய்யுதுல்ல? அதையே சமைக்கச் சொல்லுங்க. ராத்திரி அதுகூடவே உக்காந்து பேசுங்க” என்று சொல்லிவிட்டு சாயங்கால ரயிலைப் பிடித்துவிட்டாள். எலோஃப்தான் ஸ்டேஷனுக்கு வண்டி ஓட்டினான். துரோகி.

அன்றிலிருந்து எலோஃப் சமையல். உருளைக்கிழங்கு, உப்புப் பன்றி, மறுநாள் உப்புப் பன்றி, உருளைக்கிழங்கு. ஒரு டேனிஷ்காரன் தன் சொந்த வீட்டில் ஸ்வீடன் காபியைக் குடிக்க வேண்டிய காலம் வரும் என்று என்னைப் பெற்றவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் மாமா. வயலிலிருந்து வந்து கதவைத் திறந்தால் “பூட்ஸக் கழட்டுங்க!” என்று அதட்ட ஆளில்லை. நானாகவே கழற்றி வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறேன். கஷ்டமாக இருக்கிறது.

இங்கே தாங்கள் கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். போன ஞாயிறு ஆலய வாசலில் போதகர் பால்ஸ்லேவ், “மாரென எங்க காணோம்?” என்று கேட்டார். சுற்றிலும் பெண்கள் கூட்டம், எல்லோருக்கும் காது நீண்டிருந்தது. ‘கோபித்துக்கொண்டு போய்விட்டாள்’ என்று எந்த ஆண்பிள்ளை சொல்வான்? “மாமாவுக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு ஐயா. பாத்துக்கப் போயிருக்கா” என்றேன். அந்த மனிதர் நேரே பீடத்துக்குப் போய், தங்கள் நெஞ்சுக்காக ஐந்து நிமிஷம் உருக்கமாக ஜெபம் செய்தார். பல பேர் அழுதார்கள். பக்கத்தில் இருந்த கிழவர் என் முதுகைத் தட்டி, “எங்கப்பாவும் இப்படித்தான் போனாரு” என்றார். பெண்கள் தங்களுக்கு ஜாம் அனுப்பப் போவதாகப் பேசிக்கொண்டார்கள். ஆகையால் தங்களை நான் வேண்டிக்கொள்வது என்னவென்றால், இந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது தங்கள் ஊருக்கு வந்தால் தயவுசெய்து கொஞ்சம் இருமவும்.

இதற்கிடையில் புல் யாருக்காகவும் காத்திருக்காதே! எலோஃபைக் குதிரைகளிடம் நிறுத்திவிட்டு நானே போரின்மேல் ஏறினேன். அடியில் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். பாதி உயரத்தில் தெற்குப் பக்கம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்ததால் வடக்கே போட்டேன். வடக்கு தூக்கியது. தெற்கே போட்டேன். கடைசியில் அது கிழக்கே சாய்ந்தது. அந்தப் பக்கத்தை நான் யோசிக்கவே இல்லை. ஹ்ருஷ்கா குடும்பத்தோடு வண்டியில் போனவன் நிறுத்தினான். இறங்கினான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். பின்னால் அவன் பிள்ளைகள் எல்லோரும் கழற்றினார்கள்.

“என்னப்பா லுண்ட்பி, இது எங்க கெளம்பிப் போகுது?” என்றான்.

“காத்துக்குச் சாய்ஞ்சிருக்கு. நாளைக்கு நிமிந்துரும்.”

“அடியில ஆட்டுக்குட்டி எதையும் படுக்க விட்றாத” என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் நானும் எலோஃபும் அந்தப் பக்கம் மூன்று கம்பங்களை முட்டுக்கொடுத்தோம். தூரத்திலிருந்து பார்த்தால், நோயாளியை மூன்று பேர் தாங்கிப்பிடித்து நிற்பதுபோல இருக்கிறது. நிஜமான நோயாளி அதுதான் மாமா, தாங்கள் இல்லை.

வியாழக்கிழமை போதகர் தங்கள் உடல்நிலையை விசாரிக்க நேரிலேயே வந்துவிட்டார். நான் போரின்மேல் இருந்தேன். கீழே பற்களின்மேல் ஒரு சுமைப் புல் தயாராக இருந்தது. எலோஃப் குதிரைகளை விட்டுவிட்டு நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். இந்தக் குதிரைகள் புத்திசாலிகள். பற்களில் சுமை வந்து இடித்தால் வடம் சொடுக்கும், சொடுக்கினால் நடக்க வேண்டும் என்று இரண்டே நாளில் கற்றுக்கொண்டவை. போதகரின் எடை தங்களுக்குத் தெரியும். வெயிலில் நடந்து வந்தவர், “அப்பாடா!” என்று அந்தப் புல்லின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார். வடம் சொடுக்கியது. குதிரைகள் கடமையைச் செய்தன.

அவர் கூச்சல் போடவில்லை மாமா, அதைச் சொல்லியாக வேண்டும். பல்லக்கில் போகிறவர்போல நிதானமாக, மடியில் தொப்பியோடு, எழுந்துகொண்டே வந்தார். என் கண்ணுக்கு நேரே வந்தபோது “ரஸ்முஸ், என்ன நடக்குது?” என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் என்னைத் தாண்டிப் போய்ப் போரின் மேற்குப் பக்கம் விழுந்தார். விழுந்த வேகத்தில் போர் முனகிக்கொண்டு, மெதுவாக, நிமிர்ந்து உட்கார்ந்தது! கிழக்கே முட்டுக்கொடுத்த கம்பங்கள் தாமாகவே கழன்று விழுந்தன. எலோஃப் கீழேயிருந்து, “ஐயாவ அங்கயே இருக்கச் சொல்லுங்க முதலாளி, பனி விழற வரைக்கும்!” என்று கத்தினான்.

இறங்குவது அடுத்த பிரச்சினை. போரைத் தாண்டிக் கயிற்றை எறிந்து, ஒரு முனையை எலோஃப் கீழே பிடித்துக்கொண்டால் மறுபக்கம் சறுக்கி இறங்கலாம். போதகர் எட்டிப் பார்த்தார். “கயித்த யாரு பிடிக்கறது? அந்த ஸ்வீடன்காரனா?” என்றார். “ஆமாங்க ஐயா.” “அப்ப கொஞ்ச நேரம் இப்படியே இருப்போம்” என்று உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? “ஒன் மாமனாருக்கு எப்படி இருக்கு?” என்றார்.

வானத்துக்கும் பூமிக்கும் நடுவில், கையெட்டும் தூரத்தில் ஒரு போதகரை வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் என்று நினைத்துத் தலைகுனிந்தேன்; பார்த்தால் மனுஷர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வர்ற ஞாயித்த விட்டு அடுத்த ஞாயித்துக்கெழமை மாரென் ஒன் பக்கத்துல உக்காந்திருக்கணும். இல்லன்னா ஜெபத்துக்கு அப்புறம் நீ எந்திரிச்சு நின்னு, மாமனார் கல்லு மாதிரி இருக்காருன்னு எல்லாருக்கும் சொல்லணும்” என்று சொல்லிவிட்டார். இன்று ஆலயத்தில் தங்கள் பெயர் வந்தபோதும் என்னைப் பார்த்துக்கொண்டேதான் ஜெபித்தார்.

ஆகவே மாமா, அவளை அனுப்பிவையுங்கள். இயந்திரத்தை ஹ்ருஷ்காவிடம் தள்ளிவிடுகிறேன். கையோடு கவைக்கோலை எடுக்கிறேன். தாங்கள் சொன்ன பூஞ்சணத்தைப் பற்றி ஊரெல்லாம் சொல்கிறேன். நடந்ததற்குக் குளவியும் குதிரையும் காரணம், என்னால் ஆனது எதுவுமில்லை என்பதை மட்டும் அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அத்தைக்கு என் அன்பு. தங்கள் வயலில் வெட்டிய புல் மழை படாமல் காயவும், பசுக்கள் மடி நிறையவும், தங்கள் நெஞ்சு என்றும்போல் உரமாக இருக்கவும் கர்த்தர் அருள்வாராக.

தங்கள் சொல் தட்டாத மருமகன்,
ரஸ்முஸ்

பி.கு.: மேலே எழுதியதை நான் மடிப்பதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது. மாரென். கையில் காலி ஜாம் ஜாடிகள். “எங்கப்பா சாகக் கெடக்குறாருன்னு ஊரே ஜாம் அனுப்புது! அவரும் தபால்காரனக் கண்டாலே இருமுறாரு!” என்றாள். ஆக, தாங்கள் நான் கேட்பதற்கு முன்பே உதவியிருக்கிறீர்கள், நன்றி. பிறகு இந்தக் கடிதத்தை நின்றபடியே படித்தாள். ஓர் இடத்தில் நிறுத்தி, “எந்தக் குளவி?” என்று கேட்டாள். எலோஃபுக்கு மாட்டுத் தொழுவத்தில் அவசர வேலை வந்துவிட்டது. அவள் பேனாவை என் பக்கம் நகர்த்தினாள்.

மாமா, குளவி இல்லை. ரோட்டில் ஹ்ருஷ்கா போனான். அவன் பார்க்கட்டும் என்று கடிவாளத்தை விட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றிச் சுழற்றினேன். அதில்தான் குதிரைகள் மிரண்டன. அவள் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றாள். பூட்ஸ் ஆடியது என்று எழுதினேன். அது ஆடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஆடாமல் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பயத்தில்தான் பழியைத் தூக்கி அவள்மேல் போட்டேன். தப்பு என்னுடையது.

இதைப் படித்துவிட்டு அவள் அடுப்பில் காபி வைத்தாள். இயந்திரத்தை விற்கக்கூடாதாம், நல்ல இயந்திரமாம். நாளை முதல் குதிரைகள் அவள் கையில், போரின்மேல் நான். “நான் எங்க நிக்கணும்?” என்று கேட்டால், “நிக்கக்கூடாத எடம் எதுன்னுதான் ஒங்களுக்கு நல்லாத் தெரியுமே” என்கிறாள்.